பதினோரு தேசத்து வாசகர்

அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது.

உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன். இங்கே உன் அண்ணி சுகம். என் வலது முழங்கால் சுமார். முழங்காலுக்கு மேலே உள்ள மனுஷனைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் காகிதமும் பேனாவும் தபால்தலையும் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அண்ணிக்குக் கேட்கும். கம்ப்யூட்டரில் எழுதினால் இன்னும் யார் யாருக்கெல்லாம் கேட்கும் என்று ஆறு வாரமாகப் படித்துத் தெரிந்துகொண்டதில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில், அதிலும் விலாசம் புரியாத கடிதங்களைப் பிரித்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், ஒட்டிய உறையைப்போல மரியாதையான பொருள் உலகத்தில் வேறு கிடையாது. மாப்பிள்ளை வெளியே போன நேரம் பார்த்துப் படி. படித்ததும் கிழித்துவிடு. நாலாகக் கிழித்தால் போதாது. நாலாகக் கிழித்ததை ஒட்டவைத்துப் படிப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை.

எல்லாம் நீ ஆரம்பித்து வைத்தது. போன தடவை வந்திருந்தபோது, உன் அண்ணி டீ போட உள்ளே போன சமயத்தில், என் பக்கம் சாய்ந்து, "அண்ணா, உன் பொண்ணு இன்டர்நெட்ல எழுதறா. பஸ்ஸப் பத்தித்தான். நல்லா எழுதறா, போய்ப் படி" என்றாய். எனக்கு எதற்கு அதெல்லாம் என்று நான் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் விலாசத்தை எழுதிக் கையில் திணித்தாய். அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு மனுஷனாக இருந்திருப்பேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய்: "எந்த ஊர்லேர்ந்து பாக்கறாங்கன்னு அந்தப் பக்கத்துலயே ஊர் பேர் வரும். அவளுக்குத் தெரிஞ்சிடும்." சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாய். நான் காலண்டர் தாளோடு நின்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை என்பதால் எழுதுகிறேன். நல்ல அலுவலகத்தில், கணக்குப் பிரிவில், சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நாள் அதை விட்டுவிட்டு நகரப் பேருந்து ஓட்டப் போகிறேன் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பயிற்சி முடிந்து முதல்முதலாகச் சீருடை போட்ட அன்று, காட்டிவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எங்கிருந்தோ எனக்கு ஒரு நகைச்சுவை வந்தது. பேப்பரை இறக்காமலே, "எனக்கு டிக்கெட் வேணாம்" என்றேன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள், "நான் டிக்கெட் குடுக்கறதில்லப்பா. ஓட்டறது மட்டும்தான்" என்றாள். உள்ளே போய் அம்மாவிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுக் கிளம்பினாள். இரண்டே மாதத்தில் வேறு ஊர்ப் பணிமனைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் பெண்ணும் சமையலறையில் போனில் பேசுவார்கள். நான் கூடத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். உன் அண்ணி அதை அகம்பாவம் என்கிறாள். என் பெயர் பேச்சில் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம் அது.

ஆகவே, அவளுக்குத் தெரியாமல் அவள் எழுதியதைப் படிக்க வேண்டும். இதற்கு வழி கேட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் போனேன். தெருவில் அவரை 'வைரஸ்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஐம்பது வயசு. கடையில் பாதி இடத்தை ஜெராக்ஸ் மெஷினும் மீதியை அவர் வயிறும் அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு பெண்கள் ஜெராக்ஸுக்கு நின்றார்கள் என்பதால் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் தெரியாமல் இன்டர்நெட் பார்க்க வழி உண்டா என்று கேட்டேன். அந்த மனுஷன் குரலைத் தாழ்த்தவில்லை. "யாருக்குத் தெரியக் கூடாது சார்? வீட்டுக்காரம்மாவுக்கா, வெளில இருக்கறவங்களுக்கா?" என்றார். எனக்காக இல்லை, ஒரு நண்பருக்காக என்றேன். நண்பருக்கு என்ன வயசு என்று கேட்டார். என் வயசுதான் என்றேன். அவர் என்னை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்து, வயசானால் மனசு கொஞ்சம் அலையத்தான் செய்யும், அதில் தப்பில்லை என்றார். ஜெராக்ஸுக்கு நின்ற பெண்களில் ஒருத்தி நம் பின்வீட்டுக்காரி. அன்றிலிருந்து அவள் மாடியில் துணி உலர்த்தும்போது நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். நான் ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்து அவள் இன்னும் நிச்சயம் செய்துகொண்டிருப்பாள்.

மறுநாள் வைரஸ் வீட்டுக்கு வந்து, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு பொம்மை தெரிகிற கறுப்பு ஜன்னலைத் திறந்து காட்டி, இதில் பார்த்தால் ஒரு தடயம் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் விலாசத்தைத் தட்டிவிட்டேன். கடைசிப் பொத்தானை அமுக்க விரலைக் கொண்டுபோகும்போதுதான், விலாசம் புரியாத கடிதங்களுக்கென்றே பிறந்த என் கண்ணில், அந்தப் பொம்மைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது பட்டது. நான் எங்கே போனேன் என்பது இந்தக் கம்ப்யூட்டரில்தான் பதிவாகாதாம். நான் போகிற இடத்துக்கு நான் வந்தது தெரியுமாம். அதாவது, உன் அண்ணிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியும். எனக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பிளக்கையே பிடுங்கிவிட்டேன். வைரஸிடம் போய்க் கேட்டால், "அதை யாரும் படிக்கறதில்லயே சார்" என்று ரொம்ப வருத்தப்பட்டார்.

பிறகு அவர் இன்னொன்றைக் கொண்டுவந்து ஏற்றினார். வெங்காயப் படம் போட்டது. அது வேலை செய்கிற விதத்தை அவர் ஏதேதோ சொல்லி விளக்கினார். நான் தபால்காரனாகப் புரிந்துகொண்டேன். கடிதத்தை மூன்று உறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். முதல் ஆபீசுக்குக் கொடுத்தது யார் என்று தெரியும், எங்கே போகிறது என்று தெரியாது. கடைசி ஆபீசுக்குப் போகிற இடம் தெரியும், அனுப்பியது யார் என்று தெரியாது. நடு ஆபீசுக்கு இரண்டுமே தெரியாது, முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் இலாகாவிலும் நடுவில் ஒரு பிரிவு எந்தப் பயிற்சியும் இல்லாமல் இதைத்தான் செய்துகொண்டிருந்தது என்றேன். வைரஸ் சிரிக்கவில்லை. கடைசி ஆபீஸ் எந்த நாட்டில் இருக்கிறதோ, நான் அந்த நாட்டிலிருந்து வந்ததாகத்தான் போகிற இடத்தில் தெரியும் என்றும், நாடு அடிக்கடி மாறும் என்றும் சொன்னார். எனக்குப் பரம திருப்தி. நாடு மாறும் என்ற இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள், இதனால்தான் நான் கெட்டேன்.

முதல் நாள் திறந்ததும், நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது கட்டத்தில் ஒன்பது தெருப் படம். பேருந்து இருக்கும் கட்டங்களை எல்லாம் தொடு என்கிறது. உலகத்தில் மரம் இல்லையா, பாலம் இல்லையா, என்னிடம் பேருந்துதானா கேட்க வேண்டும்? தொட்டேன். ஒரு கட்டத்தில் பேருந்தின் பக்கக் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. அது பேருந்தா இல்லையா என்று யோசித்தேன். சிற்றுந்து பேருந்தில் சேர்த்தியா என்று யோசித்தேன். தப்பு, மறுபடி செய் என்றது. ஏழு தடவை. உன் அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். என்ன தேடறீங்க என்றாள். பஸ் என்றேன். அவள் கொஞ்ச நேரம் திரையையும் என் மண்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்க ஓரத்துல ஒண்ணு இருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கட்டத்தைத் தொட்டதும்தான் நான் மனிதன் என்று அது ஒப்புக்கொண்டது.

இடையில் ஒரு விபரீதம். இவ்வளவு பாதுகாப்பான ஏற்பாடு இருக்கும்போது மற்ற வேலையையும் இதிலேயே செய்தால் என்ன என்று, கண் ஆஸ்பத்திரியில் நேரம் குறிக்க இதன் வழியாகவே போனேன். அங்கே கொடுத்திருப்பது உன் அண்ணியின் நம்பர், அடுத்த நிமிஷம் அவள் போனுக்குத் தகவல் போயிருக்கிறது. ஏதோ ஒரு பனிப்பிரதேசத்திலிருந்து உங்கள் கணவரின் மருத்துவக் குறிப்பை ஒருவர் திறக்கப் பார்க்கிறார், அது அவர்தானா, ஆம் அல்லது இல்லை என்று. அவள் இல்லை என்று அமுக்கிவிட்டாள். கேட்டதற்கு, "நீங்க இங்க உக்காந்து மூக்குக் கண்ணாடி துடைச்சிட்டிருக்கீங்க. பனில இருக்கறது நீங்களா? உண்மையத்தானே சொன்னேன்" என்றாள். ஆஸ்பத்திரி என் கணக்கைப் பூட்டிவிட்டது. நான் நேரில் போய், நான்தான் நான் என்றும், நான் எங்கும் போகவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் எங்கும் போகவில்லை என்று எழுதும்போது ஏனோ கை கொஞ்சம் நின்றது.

படிக்க ஆரம்பித்தேன். 'முன் கதவில் ஏறவும்' என்று பக்கத்துக்குப் பெயர் வைத்திருக்கிறாள். நூற்றுப் பதினான்கு கட்டுரை. உன் அண்ணி காலையில் பத்து மணிக்கு நடக்கப் போவாள், பதினொன்றரைக்கு வருவாள். அந்த ஒன்றரை மணி நேரம் நான் நீ சொன்ன அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். தினமும் நின்றுகொண்டே தூங்கி, தன் நிறுத்தத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் விழித்துக்கொள்ளும் தையற்காரர். மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் மெதுவாகப் போடும்மா என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டு வந்தவர். நேர்முகத் தேர்வில் சொல்லவேண்டியதை ஜன்னலைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டே போன பெண், அவளுக்காக இவள் சிக்னலில் கொஞ்சம் தாமதித்தது. முதலில் நான் எழுத்துப் பிழைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றுக்குப் பிறகு குறிக்க மறந்துவிட்டேன். அதைவிட உயர்ந்த பாராட்டு என்னிடம் கிடையாது.

இரண்டாம் வருஷத்தில் ஒரு கட்டுரை. மழையில் ஒரு சைக்கிள்காரர் சறுக்கி இவள் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. இவள் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாளாம். 'அம்மாவிடம் சொன்னால் நான் வண்டி எடுப்பதற்கே பயப்படுவாள், தானே ஓட்டுவதுபோல. அப்பாவிடம் சொன்னால் எந்த வேகத்தில் போனாய் என்று கேட்பார். அந்தக் கேள்விதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது' என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்தது இரண்டு வருஷம் கழித்து. விலாசம் தெரியாமல் எங்கள் பிரிவுக்கு வந்த கடிதத்தைக்கூட நான் அதைவிடச் சீக்கிரம் சேர்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் திரையைப் பார்த்து, எந்த வேகத்துல போன என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். கூடத்தில் யாரும் இல்லை.

இப்போது கேள், என் கெட்ட காலத்தை. மூன்றாம் வாரத்தில் அவள் ஒரு புதுக் கட்டுரை போட்டாள். பக்கத்தின் ஓரத்திலுள்ள பெட்டியில் இதுவரை அத்தை ஊரும் இன்னும் நாலைந்து ஊரும்தான் வந்துகொண்டிருந்தன, திடீரென்று கடல் தாண்டி எங்கிருந்தெல்லாமோ வாசகர்கள் வருகிறார்கள், எண்ணிப் பார்த்தால் பதினோரு தேசம், நம் பாஷைக்காரர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள், எல்லாருக்கும் நன்றி என்று எழுதியிருந்தாள். தங்கச்சி, அந்தப் பதினோரு தேசமும் நான். என் முழங்காலைத் தடவிக்கொண்டு, பனியனோடு, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான். அடுத்த கட்டுரையிலிருந்து 'வெளிதேச வாசகர்களுக்காக' என்று போட்டு, நம் ஊர்ப் பேருந்தில் கூட்டம் எப்படி ஏறும் என்று எனக்கு விளக்க ஆரம்பித்தாள். பணிமனையில் மற்ற ஓட்டுநர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அறிவிப்புப் பலகையில், நம்மில் ஒருவர் உலகப் புகழ் பெற்றுள்ளார் என்று எழுதி ஒட்டினார்களாம். அதன் படத்தையும் போட்டிருந்தாள். அவள் படத்தில் இல்லை. பலகையின் கண்ணாடியில் சீருடையின் தோள் மட்டும் லேசாகத் தெரிந்தது.

நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் நிறுத்தினால் பதினோரு தேசம் ஒரே நாளில் அவளைக் கைவிட்டதாக ஆகும். ஒரு தேசம் செய்ததே போதாதா? ஆகவே தொடர்ந்தேன். தொடர்ந்ததோடு இல்லாமல், அந்த வெங்காயத்தில் ஆளை மாற்றும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் வேறு நாட்டுக்காரனாகி விடலாம். காலையில் ஒரு நாடு, பகலில் ஒரு நாடு, சாயங்காலம் ஒரு நாடு என்று ஷிப்டு போட்டு உழைத்தேன். போன வாரம் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூட எழுந்து போய் ஒரு தீவிலிருந்து பார்த்துவிட்டு வந்து படுத்தேன். உன் அண்ணி டாக்டரைக் கூப்பிடவா என்றாள். கூப்பிட்டிருந்தாலும் என்னவென்று சொல்வேன்?

நேற்றைக்கு முந்தைய நாள் புதுக் கட்டுரை வந்தது. பிரேக் பரிசோதனை செய்வதைப் பற்றி. காற்றழுத்தம், மிதியின் ஆழம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி: 'தினமும் வண்டி எடுக்கும் முன்னால் அந்தப் பெட்டியில் ஒரே ஒரு ஊர்ப் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். உலகமே வந்துவிட்டது. அது வரவில்லை.'

உன் அண்ணி நடந்துவிட்டு வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரை அணைந்து போயிருந்தது. அவளுக்குக் கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரியும் என்பது உனக்குத் தெரியாததா. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "அவ போன் நம்பர் மாறல" என்றாள். பிறகு காய் நறுக்கப் போய்விட்டாள்.

நான் போனை எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு ஹலோதானே சொல்ல முடியும். வைத்துவிட்டேன். ஆகவேதான் உன்னிடம் கேட்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். நீ ஒரு வாரம் இங்கே வந்து இரு. மாப்பிள்ளையிடம் என் முழங்கால் மோசம் என்று சொல். வந்து, என் கம்ப்யூட்டரில், எந்த மறைவும் இல்லாத சாதாரண ஜன்னலில், நீயே அவள் பக்கத்தைத் திற. எங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பெட்டியில் வரும். அவள் கேட்டால், அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது நான்தான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள். அவள் மனசும் குளிரும், நானும் பார்த்ததாக ஆகாது. இது கோழைத்தனம் என்று நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பதினோரு நாட்டுக்காரனாக இருந்து பார்த்துவிட்டேன், இந்த ஊர்க்காரனாக இருக்கத்தான் தைரியம் வரவில்லை. அவளிடம் எதையும் மூச்சு விடாதே. அவளுடைய உலகப் புகழ் உன் வாயில் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், முக்கியமாக முழங்கால் வலி இல்லாமல், உங்கள் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உறையை ஒட்டப் போனவன் நின்றுவிட்டேன். இன்று காலை பத்தேகாலுக்கு, எல்லாரும் பார்க்கிற சாதாரண ஜன்னலில் நானே திறந்துவிட்டேன். ஓரத்துப் பெட்டியைப் பார்த்தால், நம் ஊர்ப் பெயர் இல்லை. அறுபது மைல் தள்ளி உள்ள வேறு ஊரின் பெயர். பதறிப்போய் வைரஸைக் கூப்பிட்டேன். இன்டர்நெட் கம்பெனியின் பெரிய ஆபீஸ் அந்த ஊரில் இருப்பதால் இந்த வட்டாரத்தில் யார் பார்த்தாலும் அந்தப் பெயர்தான் வருமாம், எப்போதுமே அப்படித்தானாம். அதாவது, நான் ஒளிய வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. அவள் எத்தனை வருஷம் பார்த்தாலும் நம் ஊர் அங்கே வந்திருக்கப் போவதும் இல்லை. இனி வேறு வழியில்லாமல், பிரேக் கட்டுரையின் அடியில் கருத்து எழுதும் இடத்தில், பெயர் என்ற கட்டத்தில் அப்பா என்று போட்டு, 'சைக்கிள்காரர் விழுந்த அன்று எந்த வேகத்தில் போனாய்?' என்று கேட்டு அனுப்பிவிட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அனுப்பியதும், உங்கள் கருத்து உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. இப்போது மணி நாலு. இன்னும் அதே வரிதான் இருக்கிறது. பகலில் அவள் வண்டியில் இருப்பாள், பார்த்திருக்க மாட்டாள் என்கிறாள் உன் அண்ணி. பார்த்துவிட்டும் சும்மா இருக்கிறாளோ என்னவோ. நீ போனில் பேசினால் நான் எழுதியதைச் சொல்லாதே. கேட்டால் மட்டும் சொல். கேட்காவிட்டாலும் சொல்.